நெய்தெடுத்த இரத்தக் குழாய்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்வார்கள். "ஊசி போட நரம்பு அகப்படவில்லை", "காலில் நரம்பு சுருண்டுவிட்டது" என்ற பேச்சை வாசுதேவநல்லூரில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். பாடநூலில் நரம்பு வேறு, நாளம் வேறு. இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்வது தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் இதையே கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஆனால் நல்ல குழாய் ஒன்று கிடைக்காமற் போனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை, என் அக்காவின் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகுதான் கண்கூடாகக் கண்டேன்.

மச்சான் நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். முன்னோர்கள் கடையநல்லூர் நெசவாளர்கள். சாரமும் துண்டும் நெய்து பிழைத்த குடும்பம். தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகும் வீட்டுக்குள்ளிருந்த தறியைக் கழற்ற மனம் வராமல் வைத்திருந்தார். சர்க்கரை நோய் இருபது ஆண்டுகளாக அவரோடு இருந்து வந்தது. மாத்திரையைத் தவறவிட்டவர் அல்லர். ஆயினும் சிறுநீரகங்கள் கொஞ்சங் கொஞ்சமாக வேலையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் கால்கள் வீங்கி, மூச்சுத் திணறலில் கொண்டுபோய் நிறுத்தின. வாரம் மூன்று நாட்கள் டயாலிசிஸ் என்று மருத்துவர்கள் முடிவு கூறினர். அன்று முதல் தென்காசிப் பேருந்தின் நடத்துநர்களெல்லாம் எங்களுக்கு உறவினர் போல் ஆகிவிட்டார்கள்.

டயாலிசிஸ் என்றதும் இயந்திரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உண்மையில் இயந்திரம் எளிதில் கிடைத்துவிடுகிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கான செலவுக்கும் வழி இருக்கிறது. கிடைக்காதது அந்த இயந்திரத்துக்குள் இரத்தத்தை அனுப்பும் வாசல். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மில்லி லிட்டர் இரத்தம் உடலை விட்டு வெளியேறிச் சுத்தமாகித் திரும்ப வேண்டும். நான்கு மணி நேரம் இப்படி ஓட வேண்டும். கையில் தெரியும் சாதாரணச் சிரையால் இவ்வளவு தர இயலாது. தமனியோ ஆழத்தில் இருக்கிறது; அதில் வாரத்துக்கு மூன்று முறை தடித்த ஊசியை ஏற்றவும் கூடாது.

இதற்கு ஓர் அழகான தீர்வை 1966-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பணியாற்றிய பிரேசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் பக்கத்துச் சிரையையும் அறுவை செய்து ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. தமனியின் வேகம் சிரைக்குள் பாய்வதால், சில வாரங்களில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் பக்குவம் அடைகிறது. இதை 'ஃபிஸ்டுலா' என்பர். விரலை வைத்தால் உள்ளே தேனீ முரலுவது போன்ற அதிர்வு தெரியும். இன்றளவும் இதுவே சிறந்த வாசல். இதில் வெளிப்பொருள் எதுவும் இல்லை. எல்லாம் நோயாளியின் சொந்தக் குழாய்களே.

மச்சானுக்கு முதல் ஃபிஸ்டுலா பக்குவப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றியும் இரத்தம் எடுத்தும் முன்கைச் சிரைகள் அதற்கு முன்பே தளர்ந்திருந்தன. முழங்கைப் பக்கம் செய்த இரண்டாவது, ஏழு மாதங்கள் ஓடி, ஒரு நாள் காலையில் அதிர்வு நின்றுபோயிற்று. மூன்றாவதாக, செயற்கைக் குழாய் ஒன்றைக் கைக்குள் பதித்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் கூறினார். மேசையறையிலிருந்து மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து மச்சானிடம் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, 6 மி.மீ. விட்டத்தில், மாக்கரோனி போல் இருந்தது. மச்சான் அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, துணியின் தரம் பார்ப்பது போல் உருட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இதுல பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இது நெசவே கிடையாது" என்றார்.

மருத்துவருக்கு வியப்பு. அவர் சொன்னது சரியே. அந்தக் குழாய் டெஃப்லானை இழுத்து நீட்டிச் செய்யப்பட்டது. 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் தண்டைச் சட்டென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற பொருளாக மாறுவதைக் கண்டார். 1970-களின் தொடக்கத்தில் அதிலிருந்தே இந்த இரத்தக் குழாய் உருவாயிற்று. பெரிய தமனிகளுக்குப் போடுவதுதான் பாலியெஸ்டர் இழையில் நெய்த குழாய் என்று மருத்துவர் விளக்கினார்.

பேருந்தில் திரும்பி வரும்போது மச்சான் கேட்ட கேள்விக்குப் புளியங்குடி தாண்டும் வரை எனக்குப் பதில் தெரியவில்லை. "பெரிய நரம்புக்கு நெஞ்சு போடுறாங்க. சின்ன நரம்புக்கு மட்டும் ஏன் முடியல? சின்ன அளவு நெய்யறதுதானே சுளுவு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதன் பலனே இந்தக் கட்டுரை.

இரத்தக் குழாயைக் கட்டி நிறுத்தும் கலை மிகப் பழையது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் அறுபட்ட தமனியை நூலால் கட்டுவதையும் சூடு வைத்து நிறுத்துவதையும் எழுதி வைத்தார். விலங்கின் குடலிலிருந்து எடுத்த நூலால் உள்ளுறுப்பைத் தைப்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் கட்டுவது வேறு, அறுபட்ட குழாயை மீண்டும் ஓடும்படி இணைப்பது வேறு. 1894-இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றினுள் பெருஞ்சிரை அறுபட்டு இறந்தார். நாட்டின் முதல் குடிமகனுக்கே அன்று தைத்து இணைக்க ஆள் இல்லை. அதே லியோனில் இளம் மருத்துவராக இருந்த அலெக்சிஸ் கரேல், பட்டு நகரமான அவ்வூரின் பூத்தையல் பெண்மணி ஒருவரிடம் போய் நுண்ணிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். இரத்தக் குழாய்களை முனையோடு முனை தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஊசியும் நூலும் பிடிக்கும் நம் பெண்மக்கள் இச்செய்தியை மனத்தில் குறித்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

அடுத்த கட்டமும் துணிக்கடைப் பக்கமிருந்தே வந்தது. 1947-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவராக இருந்த ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் மாதக்கணக்கில் கிடந்த பட்டு நூல் ஒன்றைக் கண்டார். அதன் மேல் பளபளப்பான மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருந்தது. நூலின் மேல் உடல் இப்படி ஒரு போர்வையைப் போர்த்துமானால், துணிக் குழாயின் மேலும் போர்த்தாதா? முதலில் பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார். பிறகு பாராசூட்டுக்குப் பயன்பட்ட வினியோன் என்ற செயற்கைத் துணியைத் தையல் இயந்திரத்தில் தைத்து விலங்குகளுக்குப் பொருத்தி, 1952-இல் முடிவுகளை வெளியிட்டார். அதே பத்தாண்டில் ஹூஸ்டன் நகரின் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் துணி கேட்டுக் கிடைக்காமல், இருந்த டேக்ரான் துணியை வாங்கி வந்து வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். லெபனானிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகன் அவர்; தையலைத் தாயாரிடம் கற்றவர். பின்னர் தாமஸ் எட்மன் என்ற நெசவுத் தொழிற் பேராசிரியர் தையலே இல்லாமல் குழாயாகப் பின்னித் தரும் இயந்திரத்தை அமைத்தார். டேக்ரான் என்பது பாலியெஸ்டரின் ஒரு பெயர். நம் வீட்டுச் சட்டைத் துணியில் கலந்திருக்கும் அதே இழைதான்.

நெய்த துணியில் கண்கள் இருக்குமல்லவா, இரத்தம் கசியாதா என்று மச்சான் கேட்டார். கசியும். ஆகையால் பொருத்துவதற்கு முன் நோயாளியின் இரத்தத்திலேயே குழாயை நனைத்து உறைய விட்டு, கண்களை அடைத்துக்கொள்வது அக்கால அறுவை மருத்துவர்களின் வழக்கம். பாவுக்குக் கஞ்சி போடுவது போல் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பிற்காலத்தில் தொழிற்சாலையிலேயே கொலாஜன் அல்லது ஜெலாட்டின் பூசி விற்கத் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில் நம் வீடுகளில் எழும் ஐயம் ஒன்றையும் தொட்டுச் செல்ல வேண்டும். கொலாஜனும் ஜெலாட்டினும் விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து கிடைப்பவை. எந்த விலங்கு என்பது நமக்குக் கேள்விதான். அக்காவும் முதலில் இதைத்தான் கேட்டாள். மச்சானுக்குப் பொருத்தவிருந்த டெஃப்லான் குழாய் முழுக்க முழுக்கச் செயற்கைப் பொருள்; அதில் அவ்வினாவுக்கே இடமில்லை. பூச்சுள்ள குழாயானால் எதிலிருந்து எடுத்தது என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. உறையிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. 1995-இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்கள், மருத்துவர்களின் கருத்தரங்கு, பொருளின் தன்மையே மாறிவிட்ட ஜெலாட்டின் தூய்மையானதே என்ற கருத்தைத் தெரிவித்தது. அதை ஏற்காத ஆலிம்களும் உள்ளனர். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் உள்ள சலுகை தனி. அவரவர் நம்பும் ஆலிமிடம் அறுவைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது, கடைசி நேரத்தில் மேசையருகே தகராறு செய்வதை விட மேல்.

இனி மச்சானின் கேள்விக்கு வருகிறேன். நெய்வதில் சிரமம் இல்லை. 4 மி.மீ. குழாயையும் நெய்யலாம், 2 மி.மீ. குழாயையும் நெய்யலாம். இரத்தந்தான் அதை ஏற்பதில்லை.

அந்நியப் பொருள் எதைத் தொட்டாலும் இரத்தம் உறைய முற்படும். செயற்கைக் குழாயின் உட்சுவரில் உறைந்த இரத்தமும் தழும்புத் திசுவும் ஒரு படலமாகப் படிவதைத் தவிர்க்க முடிவதில்லை. அரை மி.மீ. கனத்துக்குப் படிந்ததாக வைத்துக்கொள்வோம். வயிற்றுப் பெருந்தமனிக்கு இடும் 20 மி.மீ. குழாய் 19 மி.மீ. ஆகும், 4 மி.மீ. குழாயோ 3 மி.மீ. ஆகும். இரண்டிலும் குறைந்தது 1 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் குழாயில் பாயும் அளவு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இந்த விதிப்படி கணக்கிட்டால் பெரிய குழாயில் பழைய ஓட்டத்தில் 81 விழுக்காடு மிஞ்சும். சிறிய குழாயில் 32 விழுக்காடே மிஞ்சும். ஓட்டம் குறைந்தால் இரத்தம் தேங்கும். தேங்கினால் மேலும் உறையும். சில நாட்களிலேயே கதை முடிந்துவிடலாம். 6 மி.மீ. என்ற எல்லைக்கோடு இப்படித்தான் வந்தது. அதற்குக் கீழே செயற்கை இழையால் நம்பத்தக்க குழாய் செய்ய, வூர்ஹீஸ் காலம் தொட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகிறார்கள்.

நம் சொந்தக் குழாய்க்குள் மட்டும் ஏன் இரத்தம் உறைவதில்லை? அதன் உட்புறம் ஒரே ஒரு செல் கனமுள்ள எண்டோதீலியம் என்ற படலம் போர்த்தியிருக்கிறது. அது வெறும் வழவழப்பான பூச்சு அன்று; உயிருள்ள காவல். நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் முதலியவற்றைக் கணந்தோறும் சுரந்து, தட்டணுக்கள் ஒட்டாமலும் குழாய் இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இவ்வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு மெல்லிய நூலில் நெய்தாலும் துணிக்கு இந்தச் சுரப்பு வராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் சற்றே விரிந்து சுருங்கும். செயற்கைக் குழாயோ விறைப்பாக நிற்கும். இரண்டும் சேரும் தையல் இடத்தில் ஓட்டம் சுழன்று சுவரை உறுத்த, அங்கே தழும்பு வளர்கிறது. டயாலிசிஸ் குழாய்கள் பெரும்பாலும் அடைபடுவது சிரையோடு சேரும் அந்த ஓரத்தில்தான். புதுத் துணியில் பழந்துணியைத் தைத்தால் தையல் ஓரத்தில் முதலில் பிய்யும் என்பது அக்காவின் விளக்கம். நான் படித்த ஆய்வுரைகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

இதய பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களுக்கு நெஞ்சில் செயற்கைக் குழாய் வைத்திருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். இல்லை. இதயத் தமனிகள் 2 முதல் 4 மி.மீ. விட்டமுள்ளவை, அங்கே வைக்கத்தக்க நெய்த குழாய் கிடையாது. 1967-இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ தொடங்கி வைத்த வழிப்படி, காலிலிருந்து நீண்ட சிரையை எடுத்து வைக்கிறார்கள். பைபாஸ் ஆனவர்களின் காலில் உள்ள நெடுந்தழும்பு அதனால்தான். மார்பின் உட்புறத் தமனியையும் திருப்பி இணைக்கிறார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் கால் சிரைகளில் ஏறத்தாழப் பாதி அடைபட்டிருக்கும். மார்புத் தமனியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கும். காலில் சிரை முடிச்சு விழுந்தவர்களுக்கும் முன்பே ஒரு முறை எடுத்துவிட்டவர்களுக்கும் மாற்று வழி சுருங்கிவிடுகிறது. சிறிய செயற்கைக் குழாய்க்கு உலகமே காத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு குழாய் செய்துவிட்டார்கள். உடனே நோயாளிக்கு வைத்துவிடலாமா? மச்சானின் மூத்த மகன் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் இதே கேள்வியைக் கோபமாகக் கேட்பான். பத்திரிகையில் ஏதோ ஒரு கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு, "வாப்பாவுக்கு அதை ஏன் வாங்க முடியாது?" என்பான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவிலிருக்கும் சோதனைகளை அறிந்தால் கோபம் பாதியாகும்.

முதலில் வெடிப்புச் சோதனை. ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், குழாய் கிழியும் வரை. நம் இரத்த அழுத்தம் 120 அளவில் இருக்க, காலின் சிரை 1,600 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கும் மேல் தாங்குகிறது. அதுவே உரைகல். அடுத்து, குழாயின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு தையல் போட்டு, கிழியும் வரை இழுப்பார்கள். பிறகு 120 மி.மீ. அழுத்தத்தில் நீரை நிரப்பி, ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். இவற்றுக்கெல்லாம் அனைத்துலகத் தர நிர்ணயம் உண்டு. அப்புறம் துடிப்புச் சோதனை. நிமிடத்துக்கு 72 என்று கொண்டால் இதயம் ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஓராண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம். பத்தாண்டு உழைப்பைச் சோதிக்கப் பத்தாண்டு காத்திருக்க முடியாதாகையால், இயந்திரத்தில் வேகவேகமாகத் துடிக்க வைத்துப் பல கோடித் தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். இதன் பின் இரத்தத்தோடு தொடர்பு: சிவப்பணு உடைகிறதா, தட்டணு ஒட்டுகிறதா, நஞ்சு கசிகிறதா?

இத்தனையும் தேறிய பிறகே விலங்கு. ஆடும் பன்றியும் இதற்கு உதவுகின்றன. இங்கேதான் இத்துறையினர் பலமுறை ஏமாந்தார்கள். விலங்குகளில் செயற்கைக் குழாயின் உட்புறம் முழுவதும் எண்டோதீலியம் படர்ந்துவிடுவதுண்டு. மனிதனிலோ தையல் ஓரத்திலிருந்து 1 அல்லது 2 செ.மீ. தூரம் ஊர்ந்து, அதோடு நின்றுவிடுகிறது. ஆகவே விலங்கில் வெற்றி பெற்ற குழாய் மனிதனிடம் தோற்றது. இதை அறியாமல் அவசரப்பட்டால் விலை கொடுப்பவர் நோயாளி.

எங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய அரண்மனையில் இயங்குகிறது. 1974-இல் அங்கு வந்து சேர்ந்த இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 2024-இல் அவர் காலமானார். செயற்கை இதய வால்வு செய்ய முற்பட்டபோது, முதல் மூன்று மாதிரிகளும் ஒவ்வொரு கட்டத்தில் தோற்றன. தட்டு தேய்ந்ததும் உண்டு, பாகம் முறிந்ததும் உண்டு. நான்காவது மாதிரி ஆடுகளிலும் இயந்திரத்திலும் தேறிய பிறகே, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அவ்வால்வு இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுள்ளது. மூன்றாவது மாதிரியையே "போதும்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருமகனிடம் கேட்டேன். அவனிடமிருந்து சற்று நேரம் பேச்சில்லை.

அதே நிறுவனத்தில் பாலியெஸ்டர் இழையாலான பெரிய விட்டக் குழாயையும் உருவாக்கினார்கள். சிறு குழாய்க்கு வேறு வழி பிடித்தார்கள். லிஸ்ஸி கிருஷ்ணன் குழுவினர், உடலுக்குள் மெல்லக் கரையும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பொருளால் சாரம் கட்டி, அதன் மேல் ஃபைப்ரினைப் பூசி, எண்டோதீலிய செல்களை வளர்த்துப் பார்த்த ஆய்வை 2007-இல் வெளியிட்டார்கள். (இங்கே சாரம் என்றது உடுத்தும் சாரத்தை அன்று, கொத்தனார் கட்டும் சாரத்தை.) இரத்தம் உறையும்போது வலையாகப் பின்னுவது எதுவோ, அதுவே ஃபைப்ரின். உறைவதற்குக் காரணமான பொருளையே உறையாமல் காக்கும் செல்களுக்கு மெத்தையாக்கிய யோசனையை நான் மிகவும் வியந்தேன். இத்துறையில் சாரத்தின் இழையை நூற்க உயர் மின்னழுத்தத்தைப் பயன்படுத்துவதும் உண்டு. தலைமயிரை விடப் பன்மடங்கு மெல்லிய இழை, சுழலும் கம்பியின் மேல் தார் சுற்றுவது போல் படிகிறது. கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் நடக்கிறது. தறிக்குடும்பத்துப் பிள்ளைகள் ஜவுளித் தொழில்நுட்பம் என்றாலே தலைமுறைச் சாபம் போல் ஓடுகிறார்கள். இப்படியும் ஒரு வாசல் அதற்குள் இருப்பதைப் பெற்றோர் அறிந்து வைத்திருக்கலாம்.

அமெரிக்காவில் லாரா நிக்லசன், கரையும் இழையின் மேல் தசைச் செல்களை விதைத்து, இதயம் போல் துடிக்கும் திரவத்தில் வளர்த்துத் தமனி உண்டாக்கிப் பன்றிக்குப் பொருத்தியதை 1999-இல் அறிவித்தார். பின்னர் மனிதச் செல்களால் வளர்த்து, செல்களைக் கழுவி நீக்கி, மிஞ்சும் சட்டகத்தை மட்டும் குழாயாகப் பயன்படுத்தும் முறை வந்தது. யாருக்கும் பொருத்தலாம், உறுப்பு மாற்றத்தில் வரும் எதிர்ப்பு இல்லை. மனிதருக்கு முதன்முதலாக 2012-இல் போலந்தில் வைத்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகள் 60 பேரிடம் சோதித்த முடிவு 2016-இல் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதுவும் விபத்திலும் போரிலும் கை கால் தமனி சிதைந்து, சொந்தச் சிரையை எடுக்க இயலாதவர்களுக்கு மட்டும். குழாய் கிழிந்து இரத்தம் பெருக்கெடுக்கக் கூடும் என்ற எச்சரிக்கையும் அனுமதியோடு சேர்ந்தே வந்தது. அதன் விட்டம் 6 மி.மீ. 1999-இலிருந்து எண்ணினால் இருபத்தைந்து ஆண்டுகள். அதற்குப் பின்னும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. இதயத் தமனிக்கான 3 மி.மீ. குழாய்க்கு வழி இன்னும் தொலைவு.

இதையெல்லாம் மச்சானிடம் படிப்படியாகச் சொன்னேன். டெஃப்லான் குழாய்களில் ஏறத்தாழப் பாதி, ஓராண்டுக்குள் மறுபடி மருத்துவரின் கையை நாடுகின்றன என்பதையும் மறைக்கவில்லை. "தெரிஞ்சே போட்டுக்கிடுதேன்" என்றார். இடது மேற்கையில் பதித்தார்கள். ஒன்பதாம் மாதம் அடைத்தது. சிரை சேரும் ஓரத்தில் பலூன் வைத்து விரித்துத் திறந்தார்கள். இப்போது ஓடுகிறது.

அடுத்த வாசலுக்கு வலது கை மட்டுமே மிச்சம். அந்தக் கையில் ஊசி போட அக்கா யாரையும் விடுவதில்லை. காய்ச்சலுக்குப் போன இடத்தில் செவிலியப் பெண் வலது கையைப் பிடித்தபோது, புறங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்திவிட்டாள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ நீண்ட நாள் இருந்து, கிரியேட்டினின் ஏறத் தொடங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எழுதாத கையின் முன்கைச் சிரைகளை இப்போதே காப்பாற்றி வையுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதும் இரத்தம் எடுப்பதும் புறங்கையில் நடக்கட்டும். டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னால், சில மாதங்களுக்கு முன்பே ஃபிஸ்டுலா செய்துகொள்ளக் கேளுங்கள். பக்குவப்பட ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பிடிக்கும். செய்த பிறகு அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது, இறுக்கமான கைக்கடிகாரமோ வளையலோ கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. அதிர்வு நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தால் உறைந்த இரத்தம் இறுகிவிடும்.

எங்கள் வீட்டில் அதிர்வு பார்க்கும் பொறுப்பு மச்சானின் பேத்திக்கு. சுபுஹுக்குப் பிறகு அவர் கையில் மூன்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போடுகிறாள்.